கிழக்குக் குகைக்காரி வீட்டில்தான் இருக்கிறாள்

மலை முகாம்
டிசம்பர் 2

அருமை நாத்தனாருக்கு,

உங்கள் இயற்கை ஆய்வுச் சங்கத்துக் கடிதம் வந்து சேர்ந்தது. அடியில் செயலாளர் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அடித்தது நீதான் என்று உறையைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. உன் டைப்ரைட்டரில் 'ழ' மட்டும் ஒரு படி மேலே ஏறி உட்காரும். 'பிழை' என்ற சொல் அந்தக் கடிதத்தில் நான்கு இடத்தில் வருகிறது. நான்கிலும் எகிறிக் குதிக்கிறது. என் பிழையைச் சொல்லும்போது அதற்கு அப்படி என்ன சந்தோஷம் என்று கேட்டுச் சொல்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அதனால் எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தேன். புரிந்தது இதுதான். அக்டோபரில் நான் அனுப்பிய, டிராகன் உரித்துப் போட்ட தோலுக்கும் கூட அனுப்பிய அளவுக்கும் பொருந்தவில்லை. ஆகையால் அளவு சொல்லத் தெரியாதவள் சொல்லும் வேறு எதையும் நம்ப வேண்டியதில்லை. ஆகையால் கிழக்குக் குகை காலி. ஆகையால் கல் உடைக்கும் கம்பெனி ஜனவரி இருபதாம் தேதி அங்கே வெடி வைக்கலாம். குரங்குகூட ஒரு கிளையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் அடுத்ததற்குத் தாவும். உங்கள் மீசைக்காரச் செயலாளர் ஒரே மூச்சில் மூன்று தாவு தாவுகிறார்.

குகை காலி இல்லை. டிராகன் உள்ளேதான் இருக்கிறாள். நவம்பரில் பதினொரு சாயங்காலம் எதிர்ப்பாறையில் உட்கார்ந்து பார்த்தேன். ஓடையிலிருந்து கல்லைக் கவ்விக்கொண்டு வந்து வாசலில் அடுக்குவாள். அடுக்கிய கல்மேல் நிதானமாக ஊதுவாள். கல் மெழுகு மாதிரி இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டாம் நாள் உள்ளே நின்று கடைசிக் கல்லை இழுத்து வைத்து ஊதி மூடிக்கொண்டாள். மேலே மூச்சுக்கு ஒரு கை நுழையும் அளவு ஓட்டை. மூடும் முன்னால் வயிற்றைப் பார்த்தேன். மூன்று பெற்றவளுக்கு அது தெரியாதா. அவள் முட்டை போடத்தான் போயிருக்கிறாள்.

வெளியிலிருந்து பார்த்தால் பாறை சரிந்த மாதிரிதான் இருக்கும். உங்கள் மீசை எழுதிய புத்தகத்தில் குளிர்காலத்தில் டிராகன் தெற்கே பறந்துவிடும் என்று போட்டிருக்கிறதாமே. எந்தத் தெற்கு என்று கேள்.

அவளுக்கு 'மாமியார்' என்று பேர் வைத்திருக்கிறேன். உன் அம்மாவை மனதில் வைத்து வைத்ததில்லை. வாயைத் திறந்தால் அனல், வாசலில் எந்தக் கல் எங்கே இருக்க வேண்டும் என்று அவள் வைத்ததுதான் சட்டம். மற்றபடி ஒற்றுமை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முகாம் ஆட்களுக்குக் கூடாரமும் கையுறையும் தைக்க மூன்று மாதத்துக்கு என்று வந்தவள் மூன்றாவது வருஷமாக மலையில் இருக்கிறாளே என்று உன் அண்ணன் இன்னும் முறைத்துக்கொண்டுதானே இருக்கிறார். முறைக்கட்டும். நீ பதில் எழுது. மீசை சொல்லாமல், நீயாக எழுது.

உன் அண்ணி


டிசம்பர் 11

அண்ணிக்கு,

வணக்கம். அடித்தது நான்தான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். என்ன அடிக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கு இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அந்தத் தோலை நீள மேசையில் விரித்தபோது ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். செயலாளர் டேப் வைத்தார், நான் எழுதினேன். மார்புச் சுற்று 96 அங்குலம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். இருந்தது 92. கழுத்து 30½ என்றீர்கள். இருந்தது 30. வால் 141, இருந்தது 140. காய்ந்ததில் சுருங்கியிருக்கும் சார் என்று நானேதான் சொன்னேன். "சுருங்கினா எல்லா இடமும் ஒண்ணா சுருங்கணும். மார்பு நாலும் வால் ஒண்ணும் எப்படிம்மா சுருங்கும்?" என்று கேட்டார். இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

பெரிதாகச் சொன்னால் நம்புவார்கள் என்று கூட்டி எழுதினீர்களா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வீட்டில் நீங்கள் கதை சொல்லும்போது சமையல்கட்டில் பார்த்த பூரான் கூடத்துக்கு வருவதற்குள் பாம்பாகிவிடும். அதையும் நான் மறக்கவில்லை.

பேசாமல் வந்துவிடுங்கள். இங்கே அண்ணன் தானே அளவெடுத்து, தானே வெட்டி, தானே தைத்து, தானே திட்டிக்கொள்கிறார். உங்கள் பேரை யாராவது எடுத்தால் கத்தரியை எங்கே வைத்தேன் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார். கையில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. நான் உங்களுக்காகப் பேசிய அன்று செயலாளர் என்னை நிமிர்ந்து பார்த்து, "உனக்கு உறவா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். எப்போது அனுப்பலாம் என்று நாற்காலிக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். இது சமாதானம் இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

மாமியார் என்ற பேரை உடனே மாற்றுங்கள். அம்மா என் பையைக் குடைகிறவள்.

நாத்தனார்


மலை முகாம்
டிசம்பர் 19

மதிப்பிற்குரிய தட்டச்சாளர் அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். தங்களுக்கும் எனக்கும் உறவு இல்லை என்று அறிந்து மகிழ்ந்தேன். தங்கள் அண்ணன் எனக்கு யார் என்பதையும் சங்கம் கூடி முடிவு செய்து தெரிவித்தால், அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் சொல்லிவிட வசதியாக இருக்கும்.

பூரான் விஷயம் உண்மை. அது கதை. கதையில் பூரான் வளரும். டேப்பில் வளராது. பதினாறு வயதில் டேப்பைக் கழுத்தில் போட்டவள் நான். ஊரில் எத்தனை பேர் தொப்பையை எக்கிக்கொண்டு என் முன்னால் நின்றிருக்கிறார்கள், ஒருத்தருக்கும் நான் ஒரு நூல் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அந்தத் தோலை இரண்டு தடவை அளந்தேன். என் கை எழுதியது என் கணக்கு. அதில் மாற்றம் இல்லை.

இன்று காலை இங்கே கடும் பனி. மலை முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. கிழக்குக் குகை வாசலில் மட்டும் ஒரு இடம் கறுப்பாக, ஈரமாக, ஆவி விட்டுக்கொண்டு இருக்கிறது. காலி வீட்டில் யார் அடுப்பு மூட்டுகிறார்கள் என்று தங்கள் மீசை அவர்களிடம் கேட்டுச் சொல்லவும். அந்தக் கறுப்பு எவ்வளவு அகலம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பிழை என்பீர்கள்.

கம்பெனிக்காரர்கள் நேற்று வந்து பாறையில் எங்கெங்கே துளை போடுவது என்று சிவப்புச் சாயத்தில் புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். ஒன்பது புள்ளி. போனதும் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். நாளைக்கு மறுபடி வைப்பார்கள். என்னிடம் துணிக்கா பஞ்சம்.

நான் வரவில்லை.

இப்படிக்கு,
தங்களுக்கு உறவில்லாத ஒருத்தி


டிசம்பர் 27

அண்ணி,

எனக்கு இது தேவைதான். திட்டுவீர்கள் என்று நினைத்தேன், 'தங்கள்' என்று எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அதைவிட இரண்டு அடி அடித்திருக்கலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் அளவுக் குறிப்பையும், எங்கள் ஆபீஸ் அளவையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அடித்து எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். அண்ணன் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். பேசாமல் மெஷின்மேல் தாளை வைத்தேன்.

"என்ன இது?"

"அண்ணியோட அளவு. பக்கத்துல இருக்கறது நாங்க அளந்தது."

"அவ சமாச்சாரம் எனக்கு வேண்டாம்" என்றார். ஆனால் கண் தாளைவிட்டுப் போகவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். மறுபடி மேலே போனார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், அண்ணி. மூன்று வருஷமாக நான் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"மார்புக்கு நாலு லூஸ். கழுத்துக்கு அரை. நீளத்துக்கு ஒண்ணு, கீழ மடிக்க. அடிப்பாவி, டிராகனுக்குச் சட்டை வெட்டற அளவை எழுதியிருக்கா."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். நம் கடையில் அளவெடுக்கிறவர் உடம்பளவை எழுதுவதில்லையாம். லூஸும் மடிப்பும் சேர்த்து, வெட்டும் அளவாகவே எழுதிக் கொடுத்துவிடுவீர்களாம். அவர் கணக்குப் பார்க்காமல் கத்தரி வைப்பாராம். ஊரில் வேறு எந்தக் கடையிலும் இப்படி இல்லையாம், கல்யாணம் ஆன புதிதில் நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டதாம். இருபத்தைந்து வருஷம் அப்படியே எழுதிய கை, தோலைத் தொட்டதும் தன்னால் கூட்டிவிட்டது. எங்கே எவ்வளவு கூட்ட வேண்டுமோ அங்கே அவ்வளவுதான் கூட்டியிருக்கிறது.

"பொய் சொல்றவளா இருந்தா நூறுன்னு போட்டிருப்பா" என்றார் அண்ணன். "இது பொய் இல்ல. பழக்கம்."

மறுநாள் செயலாளரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் மீசையை நீவினார். அப்புறம் இந்தக் கடிதத்தோடு சேர்த்திருக்கும் தாளை என்னையே அடிக்கச் சொன்னார். அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், ஜனவரி பதினான்காம் தேதிக் கூட்டத்தில் கிழக்குக் குகை விஷயத்தை எடுப்பாராம். தாளில் இருப்பது இதுதான்: உங்கள் குறிப்புகள் முழுவதும் படிப்பறிவில்லாத ஒருவர் சேர்த்த கச்சாப் பொருள், அவற்றைத் திருத்திச் சீர்படுத்தி ஆராய்ச்சியாக்கியவர் செயலாளர், ஆகவே அவர் பேரில் வெளிவரும்.

போடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். போட்டால் குகை தப்பிக்கும் என்று நினைக்கிறேன். போடாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. இருபதாம் தேதிக்கு இன்னும் இருபத்து நான்கு நாள்தான் இருக்கிறது.

உங்கள் நாத்தனார் (ஏற்றுக்கொண்டால்)


மலை முகாம்
ஜனவரி 4

அடி என் நாத்தனாரே,

ஏற்றுக்கொண்டேன். வேறு நாத்தனார் வாங்கலாம் என்று பார்த்தேன், இந்தப் பக்கம் எங்கும் கிடைக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே கையுறைக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணன் சொன்னது சரி. நூற்றுக்கு நூறு சரி. என் நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு வருஷமாக ஒரு ஓணான் விடாமல் லூஸ் விட்டிருக்கிறேன். 'என் கை எழுதியது என் கணக்கு, அதில் மாற்றம் இல்லை' என்று போன கடிதத்தில் உனக்கு நிமிர்ந்துகொண்டு எழுதினேனே, அதை நினைத்தால் காது சுடுகிறது. அந்த வரியைக் கிழித்துப் போட்டுவிடு. அம்மா பையைக் குடைவதற்குள்.

வெட்கப்பட்டு முடிந்தது. இனி அந்தத் தாள்.

கையெழுத்துப் போட மாட்டேன். நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். குகை தப்பிக்கும் என்றால் என் பேர் போனால் போகட்டும் என்றுதான் முதலில் பேனாவை எடுத்தேன். அப்புறம் தோன்றியது, குளிரில் தெற்கே பறக்கும் என்று எழுதிய அதே மனுஷர் என் குறிப்பைத் திருத்தினால் என்ன ஆகும்? மாமியாரைக் குகைக்குள்ளிருந்து கிளப்பித் தெற்கே அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அவர் திருத்தினால் குகை தப்பிக்காது. அவர் புத்தகம்தான் தப்பிக்கும்.

அதனால் ஒரு தாள் நானே எழுதி வைத்திருக்கிறேன். உன் மெஷினில் அடி, ஒரு எழுத்தும் மாற்றாதே, சந்தி விட்டுப்போயிருந்தால் போகட்டும். அதைக் கூட்டத்தில் யாராவது படிக்க வேண்டும். யார் என்று நான் சொல்லவில்லை. உனக்கு அங்கே நாற்காலி இருக்கிறது, அது எனக்குத் தெரியும். இது என் கட்டளை இல்லை.

தாளில் இருப்பது:

'நான் தையல்காரி. என் அளவுகளில் தப்பு இருக்கிறது. தப்பு எப்படி வந்தது என்று சொல்கிறேன், நீங்களே கழித்துக்கொள்ளலாம். சுற்றளவு என்று இருக்கும் இடத்தில் மார்புக்கு நாலு, கழுத்துக்கு அரை. நீளம் என்று இருக்கும் இடத்தில் ஒன்று. கழித்தால் உங்கள் மேசையில் கிடக்கும் தோலோடு சரியாக வரும். வரவில்லை என்றால் என்னைப் பொய்க்காரி என்று எழுதுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் கிழக்குக் குகையில் நான் பார்த்ததில் டேப் வைத்த இடமே இல்லை. அவள் உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தேன். போனவள் வெளியே வரவில்லை. பனி அந்த வாசலில் நிற்பதில்லை. இதில் எதைக் கழிப்பீர்கள்?

வெடி வைப்பதற்கு முன்னால் உங்களில் ஒருவர் வந்து அந்தப் பாறைமேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். படித்தவர் கை, படிக்காதவர் கை என்று பாறைக்கு வித்தியாசம் தெரியாது.'

கீழே என் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் பட்டம் எதுவும் போடவில்லை, இல்லாததைப் போடுவதில்லை.

உன் அண்ணி


ஜனவரி 15

அண்ணி,

இதைத் தபாலில் போட்டுவிட்டு அங்கே வந்து சேரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன். முதலில் விஷயம்: செயலாளர் கொடுத்த 'குகை காலி' சான்றிதழைச் சங்கம் நிறுத்தி வைத்துவிட்டது. கம்பெனிக்குத் தகவல் ஆள் மூலம் போகிறது. ஆனால் மலைப்பாதையில் பனி, இருபதாம் தேதிக்குள் போய்ச் சேருமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இனி நடந்தது. கூட்டத்தில் பேச்சைக் குறிப்பெடுக்க மூலையில் எனக்கு ஒரு மேசை உண்டு. கல் உடைப்பதால் வரும் நன்மைகளைப் பற்றிச் செயலாளர் பேசி முடித்ததும் நான் எழுந்து நின்றேன். எழுந்தது எழுந்ததுதான்.

"என்னம்மா, மை தீந்துபோச்சா?" என்றார் செயலாளர்.

"இல்ல சார். ஒரு கடிதம் படிக்கணும்."

"படிக்கறதுக்கு நீ உறுப்பினர் இல்லையே."

"இல்ல சார். எழுதினவங்க என் அண்ணி. தோலை அளந்த அன்னிக்கு நீங்க கேட்டப்ப உறவு இல்லன்னு சொன்னேன். அது பொய். இந்த அறையில இதுவரைக்கும் சொல்லப்பட்ட பொய் அது ஒண்ணுதான்னு நினைக்கிறேன்."

அந்தக் கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் சகவாசம்.

படித்தேன். மீசையைத் தவிர எல்லோரும் கேட்டார்கள். முன்வரிசையில் ஒரு டாக்டர் இருக்கிறார், கூட்டம் தவறாமல் வந்து கூட்டம் தவறாமல் தூங்குகிறவர். அன்றைக்கு விழித்துக்கொண்டார். தோலைக் கொண்டுவரச் சொன்னார். அவரே அளந்தார், நீங்கள் சொன்னபடி கழித்தார். மார்பு சரி. கழுத்து சரி. முன்கால் சரி. வால் அளக்கும்போது இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்கள். சரி.

டாக்டர் செயலாளர் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த மலைக்கு எப்ப போனீங்க?"

"என் நூல் முந்தைய நூல்களின் அடிப்படையில..."

"அது கேக்கல. மலைக்கு எப்ப போனீங்க?"

பதில் வரவில்லை. அதை அப்படியே கூட்டக் குறிப்பில் டைப் அடித்தேன்: 'செயலாளர் பதில் சொல்லவில்லை.' என் வாழ்நாளில் அத்தனை நிதானமாக எந்த வரியையும் அடித்ததில்லை. இன்று காலை மேசையில் வேலை நீக்கக் கடிதம் இருந்தது. அதை அடிக்க ஆள் இல்லாததால் கையால் எழுதியிருந்தார். மூன்று பிழை. திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அண்ணனிடம் சொன்னேன். கத்தரியைத் தேடவில்லை. "அவளுக்கு எழுதறப்ப நான் சொன்னதா எழுது. குகையை விட்டுட்டு இப்ப இங்க வந்து நின்னா கதவைத் திறக்க மாட்டேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

உங்கள் நாத்தனார்


மலை முகாம்
ஜனவரி 22

என் தங்கமே,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. இருபதாம் தேதி காலையில் எனக்கு ஒன்றும் தெரியாது. கூட்டம் நடந்ததா, படித்தாயா, என் தாளில் யாராவது பொட்டலம் கட்டிவிட்டார்களா, எதுவும் தெரியாது.

அதனால் ஏழு மணிக்கே முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் குகை வாசலில், பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். கையில் தைக்க வேண்டிய கையுறை. சும்மா உட்கார்ந்தால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். வேலையோடு உட்கார்ந்தால் யாரும் எழுப்பத் தயங்குவார்கள். முதுகு கணகணவென்று இருந்தது. அந்தக் குளிரில் மலை முழுக்க எனக்குத்தான் நல்ல இடம்.

எட்டரைக்கு வெடிக்காரர் வந்தார். நான் துடைக்கத் துடைக்க மறுபடி புள்ளி வைத்துப் போட்ட ஒன்பது துளையிலும் முந்தின நாளே வெடிமருந்து கெட்டித்திருந்தார். கூட என்ஜினியர், நாலு ஆள்.

"அம்மா, எழுந்திருங்க. நேரமாகுது."

"தையல் பாதியில இருக்கு. உங்க கையுறைதான். கட்டைவிரல் இல்லாம போட்டுக்கறீங்களா?"

என்ஜினியர் காகிதத்தை நீட்டினார். "குகை காலின்னு சங்கமே எழுதிக் குடுத்திருக்கு. ஒதுங்குங்க."

"காகிதம் சொல்லுது. பாறை என்ன சொல்லுதுன்னு கேட்டீங்களா?"

"பாறை பேசுமா?"

"பேசாது. தொட்டுப் பாருங்க. ஒரே ஒரு தடவை. தொட்டுட்டு, அப்பவும் காலின்னு தோணினா நானே முக்காலியைத் தூக்கிட்டுப் போயிடறேன்."

என்ஜினியர் தொடவில்லை. தொட்டால் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வெடிக்காரர்தான் என்னையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார். வலது கையுறையைக் கழற்றினார். உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. ரொம்ப நேரம் கழித்துக் காதையும் வைத்தார். நான் நவம்பரிலிருந்து கேட்கிற சத்தம் அது, அவர் அன்றைக்குத்தான் கேட்டார். பெரிய துருத்தி ஒன்று மெதுவாக இழுத்து மெதுவாக விடுகிற மாதிரி இருக்கும்.

"சார்," என்றார், "முப்பது வருஷமா பாறை உடைக்கறேன். மூச்சு விடற பாறையை உடைச்சதில்ல."

"உன் வேலை திரி பத்த வைக்கறது. அதைச் செய்."

"நீங்க பத்த வைங்க சார். தீப்பெட்டி தரேன்."

தீப்பெட்டியை நீட்டிக்கொண்டே நின்றார். என்ஜினியர் வாங்கவில்லை. நாலு ஆட்களும் ஆளுக்கொரு திசையில் மலையழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெடிக்காரர் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஓடைத் தண்ணீரை வாளியில் மொண்டு வந்து ஒவ்வொரு துளையாக ஊற்றினார். மருந்து ஊறிப்போனது. என்ஜினியர் கத்தினார். நான் கட்டைவிரலைத் தைத்து முடித்தேன்.

உன் சங்கத்து ஆள் மறுநாள் வந்து சேர்ந்தான், மூக்கு சிவந்துபோய், சான்றிதழ் நிறுத்தம் என்ற காகிதத்தோடு. சூடாகக் குடிக்கக் கொடுத்தேன். ஒருநாள் தாமதமாக வந்தாலும் காகிதம் காகிதம்தான். கம்பெனியால் இனி வேறு வெடிக்காரரைக் கூட்டிவர முடியாது.

வேலை போனதற்கு அழுதாயா? அழுதிருந்தால் போதும், நிறுத்து. அந்த வரியை நிதானமாக அடித்தாயே, அதைப் படித்தபோது நான் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

உன் அண்ணனிடம் சொல், அவர் கதவைத் திறக்காவிட்டால் எனக்குப் பின்வாசல் தெரியும்.

அண்ணி


மார்ச் 4

அண்ணி,

பத்திரிகையில் வந்ததைப் படித்தோம். பிப்ரவரி இருபத்தாறாம் தேதி காலையில் பாறை உள்ளிருந்து சிவந்து இளகி விழுந்ததும், முதலில் மூக்கு, பிறகு முழு மாமியார், அவள் பின்னால் பூனை அளவில் இரண்டு குட்டிகள் தும்மிக்கொண்டே வந்ததும், முகாம் ஆட்கள் அத்தனை பேரும் சட்டியைக் கவிழ்த்துவிட்டு ஓடியதும், ஒரு தையல்காரி மட்டும் ஓடாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததும். அம்மா நான்கு தடவை படிக்கச் சொன்னாள். பேர் விஷயம் தெரிந்துவிட்டது. "என் பேரை வெச்சிருக்காளாமே, அது பாக்க லட்சணமா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது முக்கியமானது. பழைய செயலாளர் விலகிவிட்டார். டாக்டர்தான் இப்போது செயலாளர். என்னைத் திரும்பக் கூப்பிட்டார். கூட்டத்தில் பேச உரிமை உண்டா என்று கேட்டேன், உண்டு என்றார், வேலையில் சேர்ந்துவிட்டேன்.

உங்கள் நோட்டு முழுவதையும் புத்தகமாகப் போடச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. உங்கள் பேரில். பேருக்குக் கீழே 'இயற்கை ஆய்வாளர்' என்று வரும். இந்தச் சங்கத்தில் இதுவரை எந்தப் பெண் பேருக்குக் கீழும் அது வந்ததில்லை. அச்சடிப்பது கல் உடைக்கும் கம்பெனியின் உபயம். அதனால் கம்பெனி ஒரு தாள் கேட்கிறது, அடித்து இதோடு வைத்திருக்கிறேன். டிராகனும் குட்டிகளும் வெளியேறிவிட்டதால் கிழக்குக் குகை இப்போது காலியாக உள்ளது என்று நீங்கள், இயற்கை ஆய்வாளர் என்ற முறையில், சான்று தர வேண்டும். அது உண்மைதானே, பறந்துவிட்டதே என்கிறார் டாக்டர். நல்ல மனிதர்தான், ஆனால் அவரும் மலைக்கு வந்ததில்லை.

நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் புத்தகம் இந்த வருஷம் வராது. எந்த வருஷமும் வராமல் போகலாம். இந்தத் தாளை அடிக்கும்போது இரண்டு தடவை நிறுத்தினேன். என் கருத்தைச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு என் கருத்து தெரியும்.

நாத்தனார்


மலை முகாம்
மார்ச் 12

அருமை நாத்தனாருக்கு,

தாளைப் பார்த்தேன். 'இயற்கை ஆய்வாளர்' என்பதை விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். உன்னிடம் மறைப்பானேன், ஆசையாகத்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் உயிரோடு இருந்தால் அவர் வீட்டு வாசலில் ஒட்டிவிட்டு வரலாம்.

ஆனால் போன செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். குட்டிகளை மேற்கு ஏரிக்கரையில் விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். வாயில் ஒரு கல். அதைக் குகை வாசலுக்கு இடது பக்கம் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்துவிட்டு, மூக்கால் ஒரு விரல்கடை நகர்த்தினாள். போய்விட்டாள். புதன்கிழமை மூன்று கல். நேற்றோடு பதினேழு. ஒவ்வொன்றையும் ஓடையில் தேடி எடுக்கிறாள், பிடிக்காததை உமிழ்ந்துவிடுகிறாள். அடுத்த குளிருக்குக் கதவு வைக்க இப்போதே கல் சேர்க்கிறாளடி. எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது. நான் எழுதிவிட்டேன். இதில் கழிக்க எதுவும் இல்லை.

நானும் காலையில் இந்தக் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு ஓடைக்குப் போகிறேன். அந்த நேரம் பார்த்து யாராவது வந்து காலி வீடு என்று எழுதிக்கொண்டு போய்விட்டால் நான் எங்கே போவேன்?

புத்தகம் வராவிட்டால் போகட்டும். உன்னிடம் மெஷின் இருக்கிறது, கார்பன் தாள் இருக்கிறது. ஒரு தடவைக்கு நாலு பிரதி வரும் என்று நீதானே சொன்னாய். நாலு நாலாக அடி. கேட்கிறவர்களுக்குக் கொடு. கேட்காதவர்களுக்கும் கொடு. முதல் பிரதி உன் டாக்டருக்கு. இரண்டாவதோடு அவரை மலைக்கு அனுப்பு, பாறையில் கை வைக்க.

கம்பெனித் தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். பயப்படாதே. கிழக்குக் குகை 'காலியாக உள்ளது' என்று அடித்திருந்தாயே, அந்த இரண்டு சொல்லை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே என் கையால் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்:

'வெளியே போயிருக்கிறாள். வந்துவிடுவாள்.'

அண்ணி